எட்டாவது கை

சேர்மன் வெயிலுமுத்துவுக்காகத் தூக்கிய கை இனிமேல் இறங்காது என்று ராஜகனிக்குத் தெரியவந்தபோது கூட்டம் முடிந்து, காப்பி முடிந்து, வடை முடிந்து, கீழமுனைப் பேரூராட்சியின் பதினைந்து கவுன்சிலர்களில் பதினான்கு பேர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்கள். அவள் மட்டும் வலதுகையைத் தலைக்கு மேலே நீட்டி, ஐந்து விரலையும் விரித்து, இடதுகையில் ஆறிப்போன காப்பி டம்ளரோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இறக்கிப் பார்த்தாள், இறங்கவில்லை. டம்ளரை வைத்துவிட்டு இடதுகையால் பிடித்து இழுத்துப் பார்த்தாள், அதற்கும் இறங்கவில்லை. வலி இல்லை, மரத்துப்போகவும் இல்லை, எறும்பு ஊர்ந்தால் தெரிந்தது, ஃபேன் காற்று பட்டால் தெரிந்தது, இறங்குவது ஒன்றுதான் நடக்கவில்லை. பதிவேட்டை மூடப்போன எழுத்தர் சிவசுப்பு, ஒரு கை இன்னும் மேலே இருப்பதைப் பார்த்து மூடாமல் நின்றார்.

"கூட்டம் முடிஞ்சிட்டும்மா" என்றார்.

"எனக்குத் தெரியுது சார்" என்றாள் ராஜகனி. "கைக்குத்தான் தெரியல."

சிவசுப்பு ஃபேனை நிறுத்தாமலே வீட்டுக்குப் போனார்.

எதற்காக அந்தக் கை மேலே போனது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அந்தத் தேர்தலில் கீழமுனை மக்கள் எல்லாருக்கும் ஓட்டுப் போட்டு யாரையும் ஜெயிக்க வைக்காமல் விட்டிருந்தார்கள். போன தடவை பன்னிரண்டு வார்டை அள்ளிய குடைக் கட்சிக்கு ஏழு, ஏணிக் கட்சிக்கு நாலு, கடிகாரக் கட்சிக்கு மூணு, மிச்சமிருந்த பதினாலாம் வார்டில் சீப்புச் சின்னத்தில் சுயேச்சையாக நின்ற உப்பளத் தொழிலாளி ராஜகனி. அந்தப் பேரூராட்சியில் எந்தக் காரியத்துக்கும் எட்டுக் கை வேண்டும். குடையிடம் ஏழு இருந்தது, ஏணியும் கடிகாரமும் சேர்ந்தால் அங்கேயும் ஏழுதான், அவர்களோ கோவில் கொடைத் திருவிழாவில் யார் குழாய் ரேடியோ எந்தப் பக்கம் பார்த்திருக்க வேண்டும் என்று ஆரம்பித்த சண்டையில் பதினோரு வருஷமாக ஒரே கடையில் டீ குடிக்காதவர்கள். வேறொருவர் எட்டுக் கையைக் காட்டுகிறவரை பழைய சேர்மன் நாற்காலியில் இருக்கலாம் என்பது விதி, ஆகவே குடைக் கட்சியின் வெயிலுமுத்து எழுந்திருக்கவே இல்லை. எதிர்க்கட்சிகள் சேருமா சேராதா, சேர்ந்தால் ராஜகனி எந்தப் பக்கம் என்று சலூனிலும் மீன்கடையிலும் ஒருமாத காலம் இதே பேச்சாக இருந்தது.

ராஜகனிக்கு எந்தப் பக்கமும் இல்லை. அவளுக்கு ஊருணிதான் இருந்தது. கீழமுனையில் எங்கே தோண்டினாலும் உப்புத்தண்ணீர், கிணற்றில் உப்பு, கம்மாயில் உப்பு, சுவரில்கூட உப்புப் பூத்து உதிரும். அளத்துக்குடி என்று பெயர் கொண்ட பதினாலாம் வார்டில் மட்டும், யார் புண்ணியமோ, நல்லதண்ணி ஊருணி ஒன்று கோடையிலும் வற்றாமல் கிடந்தது, முன்னூறு வீட்டுக்கும் குடிக்க அதுதான். அதன் கரையில் ஊர்க் குப்பையையும் பக்கத்து நகரத்துக் குப்பையையும் கொட்டுவதற்குப் பழைய கவுன்சில் திட்டம் போட்டிருந்தது. அதைத் தடுக்கத்தான் அவள் தேர்தலில் நின்றாள், அதைத் தடுக்கத்தான் அந்தத் தெரு மொத்தமும் சீப்புக்குக் குத்தியது. வெயிலுமுத்து வீடு தேடி வந்து, கீழே பாயில் உட்கார்ந்து, ஊருணித் தண்ணீரையே வாங்கிக் குடித்து, "தங்கச்சி, எனக்கு ஒரு கை தூக்கு, இந்த ஊருணி ஓரத்துல ஒரு காகிதம்கூட விழாது" என்று சத்தியம் செய்தார். அவள் நம்பினாள். நம்பித்தான் தூக்கினாள்.

முதல் வாரம் ஊர் முழுக்க வைத்தியம் சொன்னது. பெரியாஸ்பத்திரியில் நாலு கோணத்தில் எக்ஸ்ரே எடுத்துவிட்டு, எலும்பு நன்றாக இருக்கிறது, இவ்வளவு நல்ல எலும்பைப் பார்த்து நாளாகிறது என்று அனுப்பிவிட்டார்கள். நாட்டு வைத்தியர் மூன்று நாள் எண்ணெய் நீவி, நாலாம் நாள் தன் கைதான் வலிக்கிறது என்றார். குறி சொல்கிறவள் ஒருத்தி வந்து பார்த்துவிட்டு, இது பேய் இல்லை, பேயாக இருந்தால் இறக்கிவிடலாம் என்று தட்சிணை வாங்காமல் போய்விட்டாள். அதோடு வைத்தியம் ஓய்ந்தது, பழக்கம் தொடங்கியது. தையற்காரி சிப்போரா பக்கவாட்டில் பித்தான் வைத்து மூன்று ரவிக்கை தைத்துக் கொடுத்தாள். லாரியில் லோடு ஏற்றி இறக்கும் கணவன் தவசிமுத்து, கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகப் பெண்டாட்டிக்குத் தலைசீவிப் பின்னல் போடக் கற்றுக்கொண்டான்; முதலில் கோணலாக வந்தது, பிறகு சுமாராக வந்தது. அவள் ரோட்டில் நடந்துபோனால் யாரோ கை காட்டுகிறார்கள் என்று எல்லா பஸ்ஸும் நின்றது, டிரைவர்கள் பத்து நாள் முணுமுணுத்துவிட்டு, அப்புறம் அவள் நடக்கிற நேரத்தை மனப்பாடம் செய்துகொண்டார்கள், ஜனங்களும் ஸ்டாப்புக்குப் போகாமல் அவள் பின்னாலேயே நடந்துவந்து பஸ் ஏறினார்கள். பள்ளிக்கூடத்தில் பதில் தெரியாமலே கை தூக்கும் பிள்ளைகளை, "ராஜகனி அக்கா மாதிரி கைய மட்டும் தூக்காதே, பதிலும் சொல்லு" என்று டீச்சர் திட்டினார்.

உப்பளத்தில்தான் யாரும் எதுவும் சொல்லவில்லை. அங்கே இருபது வருஷமாக அவள் கை அப்படித்தான் இருந்தது: தலையில் உப்புக்கூடை, கூடையின் விளிம்பில் வலதுகை, பாத்தியிலிருந்து குவியலுக்கு, குவியலிலிருந்து பாத்திக்கு. இப்போது கூடை இல்லாதபோதும் கை இருக்கிறது, அவ்வளவுதானே என்றார்கள். கீழமுனைக்கு ஒரு வழக்கம் உண்டு, அது எழுதி வைக்கப்படாதது, ஆனால் எழுதி வைத்ததைவிடக் கெட்டியானது: தலையில் சுமை இருக்கிறவரை யாரும் நிறுத்தக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது, நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ சொல்லக் கூடாது, ஒதுங்கி வழிவிட வேண்டும், எதுவானாலும் சுமை இறங்கின பிறகுதான். உப்பைச் சுமந்தவள் ஒருநொடி நின்றால் கழுத்துக்கு என்ன ஆகும் என்று தெரிந்த ஊர் அது. ஒருத்தியின் தகப்பன் செத்துப்போன சேதியோடு வந்தவன்கூட, அவள் முப்பது நடை நடந்து கூடையை இறக்கும்வரை வரப்பிலே நின்றிருக்கிறான். அதனாலோ என்னவோ, ராஜகனியின் தூக்கிய கையைத் தூரத்தில் பார்த்ததும் ஆட்கள் பழக்கதோஷத்தில் ஒதுங்கி வழிவிட்டார்கள், கிட்டே வந்தபின் தலையில் ஒன்றுமில்லை என்று கண்டு அசடு வழியச் சிரித்தார்கள்.

குடைக் கட்சிக்காரர்கள் அந்தக் கையைச் சுவரெல்லாம் வரைந்தார்கள். ஓயாத ஆதரவு என்று கீழே எழுதினார்கள். வெயிலுமுத்து போகிற இடமெல்லாம், தேர்தலில் மக்கள் கொடுத்தது ஏழு, தெய்வம் கொடுத்தது எட்டாவது என்று பேசினார். அடுத்த கூட்டத்தில் வீட்டுவரித் தீர்மானம் வந்தது, ராஜகனியின் கையைச் சேர்த்து எட்டு. அதற்கடுத்து சேர்மனுக்குப் புது ஜீப், எட்டு. மீன் ஏலக்கடை வெயிலுமுத்துவின் மச்சினனுக்கு, எட்டு. ஒவ்வொரு தடவையும் ராஜகனி எழுந்து நின்று தனக்குச் சம்மதமில்லை என்று சொன்னாள், ஒவ்வொரு தடவையும் சிவசுப்பு தலையை நிமிர்த்தாமல் கையை மட்டும் எண்ணினார்.

அவரையும் குற்றம் சொல்ல முடியாது. ஒரு காலத்தில் கீழமுனைக் கவுன்சிலில் ஆமாம், இல்லை என்று வாயால்தான் ஓட்டுப் போட்டார்கள், யார் குரல் பெரிதென்று கத்திக் கத்திக் கடைசியில் நாற்காலி பறந்து ஒருவருக்கு மண்டை உடைந்தது. அன்றைக்கே விதி எழுதினார்கள்: வாயால் சொன்னது செல்லாது, கை மட்டுமே எண்ணப்படும். உப்பு வாரும் பருவத்தில் பலபேர் கூட்டத்துக்கு வருவதில்லை என்பதால் இன்னொன்றும் எழுதினார்கள்: வராதவரின் கை முந்தின கூட்டத்தில் எப்படி இருந்ததோ அப்படியே இருப்பதாகக் கொள்ளப்படும். அதனால் ராஜகனி ஒரு கூட்டத்துக்குப் போகாமல் வீட்டில் இருந்து பார்த்தபோதும் எட்டுதான் வந்தது. ராஜினாமா செய்துவிடலாம் என்று தவசிமுத்து சொன்னான். செய்தால் இடைத்தேர்தல் வரும், குடையோ ஏணியோ பதினாலாம் வார்டை வளைத்துப் போட்டுவிடும், அப்புறம் ஊருணிக்காக எழுந்து நிற்பதற்குக்கூட ஆள் இருக்காது என்று அவள் மறுத்துவிட்டாள்.

ஆடி மாதக் கூட்டத்தில் வெயிலுமுத்து குப்பைக் கிடங்குத் தீர்மானத்தை எடுத்து வாசித்தார். ராஜகனி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவர் அவளுடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாயில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்த வாய் அதேதான், சத்தியம் செய்ததும் அதே வாய்தான். அவள் தன்னால் முடிந்த மட்டும் சத்தம் போட்டு வேண்டாம் என்றாள், மேஜையில் தலையை முட்டினாள், நாற்காலிக்கு அடியில் போய்ப் படுத்துக்கூடப் பார்த்தாள். கை மட்டும் மேஜைக்கு மேலே வந்து, விரல் விரித்து, சேர்மன் சொன்னதற்குச் சம்மதம் தெரிவித்துக்கொண்டே இருந்தது. எட்டு என்று சிவசுப்பு எழுதினார். அவருடைய பேனா அன்றைக்கு இரண்டு தடவை நின்று நின்று எழுதியது. மண்ணைப் பற்றிய தீர்மானத்துக்கு மட்டும் மூன்று கூட்டத்தில் மூன்று வாசிப்பு வேண்டும் என்று ஒரு பழைய விதி இருந்ததால், ஊருணிக்கு இன்னும் இரண்டு வாசிப்பு ஆயுசு மிச்சமிருந்தது.

அந்த வாரம்தான் ஏணிக் கட்சியின் கொம்பையா வக்கீலுக்கு ஒரு விஷயம் உறைத்தது. அந்தக் கை வெயிலுமுத்துவுக்காகத் தூக்கியிருக்கவில்லை. அது வெறுமனே தூக்கியிருக்கிறது. யார் தீர்மானம் கொண்டுவந்தாலும் அது ஆதரிக்கும், சேர்மனை இறக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் வந்தால் அதையும் ஆதரிக்கும். ஏணி நாலு, கடிகாரம் மூணு, எட்டாவதாக அந்தக் கை. கொம்பையா பதினோரு வருஷ ரோஷத்தை மடித்து வைத்துவிட்டு, கடிகாரக் கட்சியின் உரக்கடை பூலுடையாரைத் தேடிப்போய் அவர் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்தார். முதல் இரண்டரை வருஷம் ஏணி, அடுத்த இரண்டரை வருஷம் கடிகாரம் என்று பேச்சு முடிந்தது, பிறகு இரண்டுபேரும் ஒரே காரில் அளத்துக்குடிக்கு வந்தார்கள், ஊரே வாசலில் நின்று அந்தக் காரை வேடிக்கை பார்த்தது.

அதே பாயில் உட்கார்ந்தார்கள், அதே தண்ணீரைக் குடித்தார்கள். எதிர்க்கட்சி ஆட்சிக்கு வந்தால் முதல் கையெழுத்தே குப்பைத் திட்டத்தை ரத்து செய்வதுதான் என்று கொம்பையா சொன்னார், பூலுடையார் தன் பேரப்பிள்ளைகள் மேல் ஆணையிட்டார்.  இவர்களையும் நம்பலாமா கூடாதா என்று ராஜகனி யோசித்துக்கொண்டிருக்கும்போதே, தான் நம்பினாலும் நம்பாவிட்டாலும் கை அங்கேதான் இருக்கிறது, எடுத்துக்கொள்ளப் போகிறார்கள், இந்த வருகையும் இந்தச் சத்தியமும் ஒரு மரியாதைக்குத்தான் என்பது அவளுக்குப் புரிந்தது. ஆனாலும் வேறு என்ன வழி இருக்கிறது. சரி என்றாள்.

ஆவணியில் வெயிலுமுத்து இறங்கினார். எட்டுக் கை. அதே கூட்டத்தில் கொம்பையா ஏறினார். எட்டுக் கை. தேர்தலில் தோற்காமல் தோற்றவரை, ஜெயிக்காமல் ஜெயித்தவர்கள் மாற்றிவிட்டார்கள் என்று சலூனில் சொல்லிச் சிரித்தார்கள். வேட்டு வெடித்தது. சுவரில் இருந்த கையின் கீழே ஓயாத ஆதரவு என்ற எழுத்தை மட்டும் விட்டுவிட்டு, குடையை அழித்து ஏணியும் கடிகாரமும் வரைந்தார்கள். அளத்துக்குடிப் பெண்கள் ஊருணிக் கரையில் பொங்கல் வைத்தார்கள், தவசிமுத்து அன்றைக்கு ராஜகனிக்கு மல்லிகைப்பூ வைத்துப் பின்னினான்.

புரட்டாசிக் கூட்டத்தில் புதிய சேர்மன் கொம்பையா, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நகரத்தோடு ஒப்பந்தம் முன்பே ஆகிவிட்டது என்றும், லாரிகள் வந்து நிற்கின்றன என்றும், பொறுப்புக்கு வந்தபின்தான் சில உண்மைகள் தெரிகின்றன என்றும், தனக்கே மனவருத்தம்தான் என்றும் நீளமாகப் பேசிவிட்டு, குப்பைக் கிடங்குத் தீர்மானத்தின் இரண்டாம் வாசிப்பை வாசித்தார். பூலுடையார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது எதிர்க்கட்சியாகிவிட்ட குடைக் கட்சியின் ஏழுபேரும் கொதித்து எழுந்தார்கள்; வெயிலுமுத்து, நல்லதண்ணி ஊருணி எங்கள் தாய் என்று கண்கலங்கப் பேசினார். ஏழுபேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். எட்டுக் கை மேலே இருந்தது.

அன்று சாயங்காலமே வெயிலுமுத்து அளத்துக்குடிக்கு வந்துவிட்டார். தங்கச்சி, அண்ணன் புத்தி கெட்டுப்போனேன், அடுத்த கூட்டத்தில் நான் ஒரு தீர்மானம் கொண்டுவருகிறேன், கொம்பையாவை இறக்கிவிடுவோம், அப்புறம் பார் என்று பாயில் உட்காரப் போனார். ராஜகனி பாயை விரிக்கவில்லை. தண்ணீரும் கொடுக்கவில்லை.

"அண்ணாச்சி, நீங்க இறங்குனா அவரு, அவரு இறங்குனா நீங்க" என்றாள். "என் கைதான் இறங்க மாட்டேங்கு."

அவர் போனபின் அவள் ஊருணிக்குப் போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். அழுகையைத் துடைக்க ஒரு கை இருந்தது, இன்னொன்று வானத்தைப் பார்த்து விரிந்திருந்தது. இந்தத் தெரு தன்னை நம்பித்தான் சீப்புக்குக் குத்தியது, தன் உடம்பிலிருந்தே ஒன்று போய் அவர்களுடைய குடிதண்ணீரை எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்பதைத் தாங்க முடியவில்லை. வெட்டிப்போட்டால் என்ன என்றுகூட அவளுக்குத் தோன்றியது. தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் அவளைப் பார்த்துவிட்டுக் குடத்தை முக்கினார்கள், தலையில் தூக்கி வைத்தார்கள், ஒவ்வொருத்தியும் வலதுகையை மேலே கொண்டுபோய் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வரிசையாகக் கரை ஏறினார்கள். கையைத் தூக்கிய பன்னிரண்டு பெண்கள். எதிரே வந்த சைக்கிள்காரன் இறங்கி, ஒதுங்கி, தலை குனிந்து நின்றான். ராஜகனி அழுகையை நிறுத்திவிட்டு வெகுநேரம் அந்த வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐப்பசிக் கூட்டம் மூன்றாம் வாசிப்பு. பதினோரு மணிக்குக் கொம்பையா மணியடித்தபோது பதினாலு பேர்தான் இருந்தார்கள். வராதவர் கை முந்தின மாதிரிதானே, ஆரம்பிக்கலாம் என்று பூலுடையார் சொல்லி வாய் மூடவில்லை, வாசலில் பியூன் சட்டென்று ஒதுங்கினான், அவனுக்குப் பின்னால் நின்ற கூட்டமும் ஒதுங்கியது. ராஜகனி உள்ளே வந்தாள். தலையில் சும்மாடு, சும்மாட்டின்மேல் பெரிய பித்தளைக் குடம், குடத்தில் வாய் வரை ஊருணித் தண்ணீர். எட்டு மாதமாகச் சபையில் விரிந்தே இருந்த ஐந்து விரல்களும் மடங்கி, குடத்தின் கழுத்தை இறுக்கிப் பிடித்திருந்தன. பெஞ்சில் உட்கார்ந்திருந்த குடைக் கட்சிக்காரர்கள் தாங்கள் எழுந்து வழிவிட்டதை எழுந்து நின்றபிறகுதான் கவனித்தார்கள்.

அவள் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கொம்பையா தீர்மானத்தை வாசித்து முடித்து, ஆதரிக்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார். ஏணியும் கடிகாரமுமாக ஏழு கை எழுந்தது. சிவசுப்பு ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு வந்து, ஏழில் நின்று, ராஜகனியை நிமிர்ந்து பார்த்தார். பார்த்தபடியே பேனாவைக் கீழே வைத்தார். அவருடைய அம்மாவும் உப்புச் சுமந்தவள்தான், அந்தச் சுமையில்தான் அவர் பத்தாம் கிளாஸ் வரை படித்தார்.

"எட்டுன்னு எழுதுங்க" என்றார் கொம்பையா. "கை மேலதான இருக்கு?"

"இருக்கு" என்றார் சிவசுப்பு. "ஆனா சுமை இருக்கு, தலைவரே. சுமையோட நிக்கவங்ககிட்ட ஒண்ணும் கேக்கப்படாது. இறங்கட்டும். இறங்குனதும் எண்ணுதேன்."

எந்த விதியில் அப்படி இருக்கிறது என்று கொம்பையா புத்தகத்தைப் புரட்டினார். அவர் வெளியூரில் படித்து வளர்ந்தவர். புத்தகத்தில் இல்லை. அவருடைய ஏணிக் கட்சி ஆட்களே, அது புத்தகத்தில் வேறு எழுத வேண்டுமா என்பதுபோல அவரைப் பார்த்தார்கள். ஆகவே காத்திருந்தார்கள். பன்னிரண்டு ஆனது, காப்பி வந்தது, வடை வந்தது, ஒருவரும் தொடவில்லை. தண்ணீர் ததும்பி அவள் நெற்றியில் வழிந்து புருவத்தில் நின்றது, துடைக்க அவள் இடதுகையைக்கூட எடுக்கவில்லை. மூன்று மணிக்கு அவள் கால்கள் நடுங்குவதை எல்லாரும் பார்த்தார்கள். வெயிலுமுத்து, கொம்பையாவை இறக்கும் தீர்மானத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அவரும் அதே எட்டாவது கைக்காகத்தான் காத்திருந்தார். நாலு மணிக்குக் கொம்பையாவுக்குப் பொறுமை போய்விட்டது. அந்த ஊரில் பிறந்த யாரும் கேட்கக் கூடாத கேள்வியை அவர் கேட்டுவிட்டார்.

"அக்கா, எப்பத்தான் இறக்குவீங்க?"

சபையில் யாரோ நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். ராஜகனி கழுத்தைத் திருப்பாமல், கண்ணை மட்டும் அவர் பக்கம் கொண்டுவந்தாள்.

"ஊருணியில தண்ணி இருக்க வரைக்கும் இறக்க மாட்டேன்" என்றாள்.

பிறகு திரும்பி நடந்தாள். கூட்டம் முடிந்ததாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் எண்ணிக்கை பாதியில் நிற்கிறது; முடியவில்லை என்று அவளை நிறுத்தவும் முடியாது, ஏனென்றால் தலையில் சுமை. சிவசுப்பு பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பேனாவை மூடாமல், அவள் பின்னாலேயே நடந்தார். அவர் பின்னால் பியூன், பியூன் பின்னால் கொம்பையா, பூலுடையார், வெயிலுமுத்து, மற்ற கவுன்சிலர்கள். கடைத்தெரு இரண்டாகப் பிளந்து வழிவிட்டது, எதிரே வந்த குப்பை லாரிகூட வேலி ஓரத்தில் ஏறி நின்றது. பஸ்கள் நிற்கவில்லை, கை காட்டும் பெண்ணுக்கு நிற்கலாம், சுமைக்காரிக்கு நிற்கக் கூடாது என்று டிரைவர்களுக்குத் தெரிந்திருந்தது.

வெயில் இறங்கும் நேரத்துக்கு அளத்துக்குடி வந்து சேர்ந்தார்கள். ராஜகனி ஊருணிக் கரையில் வேப்பமரத்தடியில் போய் நின்றாள். சிவசுப்பு ஒரு கல்லில் உட்கார்ந்து பதிவேட்டை மடியில் விரித்து வைத்தார். சேர்மனாக இருப்பவரும், இருந்தவரும், இரண்டரை வருஷம் கழித்து இருக்கப்போகிறவரும் ஆளுக்கொரு பக்கமாகக் கரையில் குந்தினார்கள். எட்டாவது கை சுமையில் இருக்கிறவரை, ஏழு கை வைத்திருப்பவரை ஏழு கை வைத்திருப்பவர் இறக்க முடியாது, நாற்காலியில் இருப்பவரால் எதையும் செய்யவும் முடியாது, தெருவிளக்கு எரியாது, சாக்கடை அள்ள ஆள் வராது, அதற்கெல்லாம் நாளைக்கே இந்த ஊர் தன்னைத்தான் வையும் என்று ராஜகனிக்குத் தெரியும். வையட்டும், வழியும் விடும். தாகம் தாங்காமல் சிவசுப்பு படியிறங்கி இரண்டு கையாலும் ஊருணித் தண்ணீரை அள்ளிக் குடித்துவிட்டு, மறுபடி வந்து பதிவேட்டின் முன்னால் உட்கார்ந்தார்.

லோடு இறக்கிவிட்டு அப்போதுதான் வந்த தவசிமுத்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தான். அவளுடைய கழுத்து நரம்பு புடைத்திருப்பதைப் பார்த்தான். இருபத்திரண்டு வருஷமாகப் பிறர் சுமையை இறக்கிப் பிழைத்தவன், பெண்டாட்டியின் சுமையை இறக்க இரண்டு கையையும் நீட்டினான். சிவசுப்பு பேனாவை எடுத்தார். கரையில் குந்தியிருந்த மூன்றுபேரும் எழுந்து நின்றார்கள்.

ராஜகனிக்கு அவன் கையைப் பார்க்கப் பார்க்க அழுகை வந்தது. இறக்கிவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும். இறக்கிவிட்டால் விரல் ஐந்தும் மறுபடி விரிந்துவிடும்.

"இறக்கிராதீங்க" என்றாள். "வார வழியில சிந்திட்டு. ஒரு செம்பு ஊத்துங்க."

தவசிமுத்து நீட்டிய இரண்டு கையையும் இறக்கினான். பிறகு படியிறங்கிப் போய், செம்பில் தண்ணீர் மொண்டு வந்து, குதிகாலை உயர்த்தி, குடத்தில் ஊற்றினான்.